சாக்ஸபோனுக்கு ஒரு கழுத்து

அத்தை எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது ஆட்டோவிலிருந்து முதலில் இறங்கியது சாக்ஸபோன்தான். அதன் கறுப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே முத்தியால்பேட்டையிலிருந்து உப்பளத்தில் எங்கள் வீடு வரை வந்திருந்தாள். அதற்குப் பிறகுதான் துணிமூட்டை, மிக்சி, குக்கர், சுருட்டிய பாய் எல்லாம் இறங்கின. அப்பா ஒவ்வொன்றாக மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். பெட்டியை மட்டும் அவள் அவரிடம் கொடுக்கவில்லை.

நான் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிப் போன தங்கை குக்கரோடு திரும்பி வந்தால் அண்ணன் முகம் எப்படியிருக்கும் என்று கவனிக்கிற வயதில்லை. அத்தை வந்துவிட்டாள், இனி ஸ்கூட்டியில் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போக ஆள் இருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

மாமா பிரான்சுக்குப் போயிருந்தார். அவருடையது சொல்தா குடும்பம். அப்பாவோ தாத்தாவோ பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த குடும்பங்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிறக்கும்போதே பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கும். அப்படி ஒரு மாப்பிள்ளை வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் ஜாதகத்தைக்கூட ஒரு மரியாதைக்குத்தான் பார்ப்பார்கள். மாமா முதலில் போய் வேலை தேடி, வீடு பார்த்து, அடுத்த மழைக்குள் அத்தையைக் கூப்பிட்டுக்கொள்வதாக ஏற்பாடு. அதுவரைக்கும் தனியாக எதற்கு வாடகைக்கு இருக்க வேண்டும் என்று அப்பாதான் இங்கே வரச்சொன்னார். தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் அம்மா, "பிரான்சு போற பேப்பர் வர்ற வரைக்கும் இங்க இருக்கா" என்று சொன்னாள்.

சாக்ஸபோன் மாமாவின் அப்பாவுடையது. பட்டாளத்தில் பேண்டு வாசித்தவர் அவர்; ஊருக்குத் திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்தது. மேல்பூச்சு பாதிக்கு மேல் போய், பித்தளை தெரியும். வாயகன்ற புனலில் பூவும் கொடியும் செதுக்கியிருக்கும். மாமாவுக்கு அது சுமாராகத்தான் வாசிக்க வரும். ஒரே ஒரு பாட்டுதான், அதுவும் ஒரே இடத்தில் தவறும். ஆனால் அவர் செய்கிற ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சாக்ஸபோனின் மேல்பக்கம் வளைந்த குழாய் ஒன்று தனியாகக் கழன்று வரும். அதைத்தான் கழுத்து என்பார்கள். ஊதுகிற முனையை அதில் செருகி, கழுத்தை மட்டும் தனியாக ஊதினால் வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். முத்தியால்பேட்டை வீட்டுக்கு நாங்கள் போகிற நாட்களில் மாமா மொட்டைமாடியிலிருந்து அதை ஊதுவார். நான் சிரிப்பேன். கீழே அடுப்படியில் இருக்கிற அத்தை கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்துவிடுவாள். கூப்பிட்டது என்னையா அவளையா என்று எனக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை. என்னைத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்கு வந்த பெட்டியில் அந்தக் கழுத்து இல்லை. அத்தை ஒருநாள் பெட்டியைத் திறந்து துடைத்துக்கொண்டிருந்தபோது பார்த்துவிட்டு, "வாத்து எங்க அத்தை?" என்று கேட்டேன்.

"வூடு மாத்தறப்ப எங்கியோ போயிடுச்சு பாப்பா."

அவள் துணியை மடித்துப் பெட்டியை மூடிவிட்டாள்.

அந்த மழை போயிற்று. அடுத்த மழையும் போயிற்று. மாமா ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் போன் செய்வார். அத்தை போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவாள். ஆரம்பத்தில் சாம்பார் ஆறிப்போகும் வரைக்கும் பேசுவார்கள். அப்புறம் சாம்பார் ஆறுவதற்குள் இறங்கி வந்தாள். அப்புறம் எல்லா ஞாயிறும் போன் வரவில்லை. மாமாவுக்கு ஒரு கிடங்கில் வேலை, பிறகு ஒரு ஓட்டலில் வேலை, பிறகு வேறு ஊருக்கு மாற்றம் என்று அப்பாவிடம் அம்மா சொல்வது காதில் விழும்.

நான் ஆறாவது போன வருஷம், ஒரு சனிக்கிழமை, அத்தை லாஸ்பேட்டையில் தான் வேலை பார்த்த கல்லூரி அலுவலகத்திலிருந்து அரை நாளில் வந்தாள். முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு, பெட்டியை எடுத்து ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் நிறுத்தினாள்.

"வர்றியா? இதுக்குக் கழுத்து தேடிட்டு வரலாம்."

எனக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

முதலில் நேரு வீதியில் ஒரு வாத்தியக் கடைக்குப் போனோம். கண்ணாடிக்குள் கித்தார்கள் வரிசையாகத் தொங்கின. கடைக்காரப் பையன் பெட்டியைத் திறந்து பார்த்ததும் விசில் அடித்தான். போனை எடுத்துப் படம் பிடித்தான். பிறகு உதட்டைப் பிதுக்கினான்.

"இது ஆன்டிக் மேடம். இப்ப வர்றது எதுவும் இதுல ஒக்காராது. பிரான்ஸ்ல யார்னா தெரிஞ்சவங்க இருந்தா சொல்லிப் பாருங்க. அங்க பழைய பார்ட்ஸ் விக்கிற கடையே இருக்குது."

"அங்க யாரும் இல்லீங்க" என்றாள் அத்தை.

நான் திடுக்கிட்டு அவளைப் பார்த்தேன். வெளியே வந்ததும் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். "மாமா இருக்காருல்ல?"

"அவருக்கு வேல ஜாஸ்தி."

நியாயமான பதிலாகத்தான் எனக்குப் பட்டது. எங்கள் வகுப்பில் எல்லாருடைய அப்பாவுக்கும் வேலை ஜாஸ்திதான்.

அதன் பிறகு சனியும் ஞாயிறும் கழுத்துக்குத்தான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய இரும்பும் டேப்ரிக்கார்டரும் பரப்பி வைத்திருப்பவர்களிடம் குனிந்து குனிந்து பார்த்தோம். தேவாலயத்தில் ஆர்மோனியம் ரிப்பேர் செய்கிறவரைப் பார்த்தோம். அவர் ஒரு மணிநேரம் ஆர்மோனியத்தைப் பற்றிப் பேசினார். கடைசியில் யாரோ சொல்லி, உழவர்கரையில் பேண்டு செட் வைத்திருந்த ஒருவர் வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே சிவப்புக் கோட்டுகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாரும் அவரைப் பேண்டு மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய தொப்பை, மெல்லிய குரல். சாக்ஸபோனைக் கையில் வாங்கியதும் குழந்தையை வாங்குவதுபோல் ஒரு கையைக் கீழே கொடுத்தார்.

"தலையில்லாத பிள்ளயத் தூக்கிட்டு வந்திருக்கியேம்மா" என்றார்.

உள்ளே போய் ஒரு கழுத்தை எடுத்து வந்தார். "இது சாவுக்கு வாசிக்கிற சாக்சோடது. கல்யாணத்துக்கு வேற வெச்சிருக்கேன், அதக் கழட்ட முடியாது. பரவால்லியா?"

"எதுவா இருந்தா இன்னாங்க, சத்தம் வந்தா போதும்" என்றாள் அத்தை.

சாவு வீட்டுக் கழுத்து உள்ளே போகவே மறுத்தது. வாசலில் கூடியிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். பேண்டு மாஸ்டர் கழுத்தின் முதுகில் இருந்த சின்ன மூடியைக் காட்டி, உடம்பிலிருந்து வருகிற கம்பி இதைத் தூக்கினால்தான் மேல்சுரம் வரும், பழைய வாத்தியத்தில் அந்தக் கம்பி வேறு இடத்தில் இருக்கிறது, அதனால் அதே காலத்துக் கழுத்துதான் வேண்டும் என்று எங்களுக்கு விளக்கினார். அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் கவலையில்லை, பக்கத்தில் லேத்து பட்டறை இருக்கிறது, வளையம் போட்டுக்கொள்ளலாம் என்றார். "மொதல்ல கழுத்து கெடைக்கட்டும். மத்தத நான் பாத்துக்கறேன்."

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா வெடித்தார். அப்பா சாதாரணமாக அத்தையிடம் நேராகப் பேசமாட்டார், அம்மா வழியாகத்தான் எல்லாம். அன்று நேராகவே கேட்டார்.

"ஊரெல்லாம் கழுத்து தேடறியே, அந்த ஆளுகிட்ட ஒரு வார்த்த கேளேன். எப்ப கூப்ட்டுக்கறேன்னு கேளு."

"கேட்டேண்ணா."

"இன்னா சொன்னான்?"

"பாத்துட்டு இருக்கேன்னாரு."

"போன வருஷமும் அதான் சொன்னான்."

"இந்த வருஷமும் அதான் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு அத்தை மோருக்குக் கை நீட்டினாள். அப்பா பாதியில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அம்மா எனக்கு இன்னொரு அப்பளம் வைத்தாள். பெரியவர்கள் சண்டை போட்டால் எனக்கு அப்பளம் கிடைக்கும் என்பது அந்த நாட்களில் நான் கண்டுபிடித்திருந்த ஒரு விஷயம்.

கழுத்து கிடைத்தது வாத்தியக் கடையிலோ சந்தையிலோ அல்ல. கடற்கரைப் பக்கம் பழைய பிரெஞ்சு வீடுகளைக் காலி செய்யும்போது கட்டிலும் அலமாரியும் வாங்கி விற்கிற பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். அத்தையின் அலுவலகத்தில் யாருக்கோ மேசை வாங்க வேண்டும் என்று துணைக்குப் போயிருந்தோம். பெட்டிகூட அன்று கையில் இல்லை. மேசையை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அத்தை திடீரென்று அசையாமல் நின்றாள். பாயின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு மரப்பலகை. அதில் வளைந்த பித்தளைக் குழாய் ஒன்று திருகி வைத்திருந்தது. அதில் பாயின் ஹெல்மெட் தொங்கியது.

"பாய், அந்த ஹெல்மெட்டக் கொஞ்சம் எடுக்கறீங்களா?"

எடுத்தார். குழாயின் முதுகில் சின்ன மூடி இருந்தது.

"இதக் குடுத்துடுங்க பாய்."

பாய் குழம்பிப்போனார். அது ஒரு பழைய வீட்டில் தட்டுமுட்டுச் சாமான்களோடு வந்தது, என்னவென்றே தெரியாது, ஆனால் நல்ல உறுதியான கொக்கி என்றார். "இதக் குடுத்துட்டா நான் ஹெல்மெட்ட எங்கம்மா மாட்டுவேன்?"

அத்தை என்னை அங்கேயே உட்காரவைத்துவிட்டுப் போனாள். நான் ஒரு துரை உட்கார்ந்திருக்கக்கூடிய நாற்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்து, கழுத்தை யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இரும்புக் கடையிலிருந்து பெரிய பித்தளைக் கொக்கி ஒன்றோடு, திருகாணியும் ஸ்குரூ டிரைவரும் வாங்கிக்கொண்டு வந்தாள். பலகையில் தானே அதை முடுக்கினாள். ஹெல்மெட்டை மாட்டி, இழுத்துப் பார்த்து, "இது இன்னும் ஸ்ட்ராங்கு பாய்" என்றாள். பாய் சிரித்துவிட்டு, கழுத்தை ஒரு பழைய தினசரியில் சுற்றிக் கொடுத்தார்.

லேத்து பட்டறையில் கழுத்தின் அடியில் வளையம் போட்டார்கள். பேண்டு மாஸ்டர் வாத்தியத்தின் ஓட்டைகளை மூடுகிற தோல் வட்டங்களையும் மாற்றினார். பாதியைப் பூச்சி தின்றிருந்தது. எல்லாம் முடிந்து ஒரு சாயங்காலம் தன் டிவிஎஸ்ஸில் வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். மொட்டைமாடிக்கு ஏறினோம். அம்மா அவருக்கு ஹார்லிக்ஸ் கொடுத்தாள். அப்பாவும் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்தவர்போல் வந்து ஓரமாக நின்றார்.

"இன்னாம்மா வாசிக்கட்டும்? ஊர்வலத்துக்கு வாசிக்கிறதா, பொண்ணு மாப்ள உள்ள வர்றதுக்கு வாசிக்கிறதா?"

"பாட்டு வேணாங்க. ஒரே ஒரு சத்தம். அதையே நீட்டி ஊதுங்க."

அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினார். அந்தச் சத்தம் முதலில் கரகரவென்று வந்தது. பிறகு உருண்டு திரண்டு, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, பக்கத்து வீடுகளின் மேல் போயிற்று. அத்தை துணி உலர்த்துகிற கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கம்பி இலேசாக ஆடியது. மூச்சு தீர்ந்து அவர் நிறுத்தியதும், "இன்னொரு வாட்டி" என்றாள். திரும்பவும் ஊதினார். இன்னொரு வாட்டி என்றாள். அந்த மனிதர் முகம் சிவந்துபோகும் வரைக்கும் ஊதினார்.

"மாமா ஊதற அதே சத்தமா அத்தை?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றாள். சிறிது யோசித்து, "ஆனா சத்தம் வருதுல்ல" என்றாள்.

அப்பா தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்தது. அத்தை கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மேசையில் போன் அதிர்ந்தபோது எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீ எடு. கழுத்து கெடச்சதச் சொல்லு மாமாகிட்ட."

இப்படி ஒரு செய்தியைச் சொல்ல எனக்கு விட்டுக்கொடுத்தாளே என்று பெருமையோடு எடுத்தேன்.

"சவா, குட்டி?" என்றார் மாமா. என்னிடம் எப்போதும் அப்படிப் பிரெஞ்சில்தான் நலம் விசாரிப்பார்.

"சவா மாமா! சாக்சுக்குக் கழுத்து கெடச்சிடுச்சு!"

அந்தப் பக்கம் ரயில் நிலையம்போல் ஏதோ அறிவிப்புச் சத்தம் கேட்டது.

"எந்த சாக்சுக்கு?"

"ஒங்களுதுக்குத்தான். நானும் அத்தையும் தேடிக் கண்டுபுடிச்சோம். பேண்டு மாஸ்டர் மாடில வாசிச்சாரு. செம சவுண்டு!"

"அதோட கழுத்து எங்கிட்டல்ல இருக்குது" என்றார் மாமா. என்னிடம் சொன்ன மாதிரியே இல்லை. "அத்தைக்குத் தெரியுமே."

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே கத்தினேன். "அத்தை! கழுத்து மாமாகிட்டயே இருக்காம்!"

அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அத்தை கத்தியைக் கீழே வைத்து, கையை முந்தானையில் துடைத்து, போனை வாங்கினாள். வழக்கம்போல் மாடிக்குப் போகவில்லை. எங்கள் எல்லார் எதிரிலேயே பேசினாள்.

"ஆமா... கெடச்சிடுச்சு... கொஞ்சம் வளையம் போட வேண்டியிருந்துச்சு." நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்களுக்குக் கேட்காததை நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம். "இல்ல, கோவம்லாம் ஒண்ணும் இல்ல... இப்ப நல்லாவே பொருந்துது... சரி. ஒடம்பப் பாத்துக்குங்க."

பிறகு மீதி அவரைக்காயை நறுக்கி முடித்தாள்.

மாமா எப்படியோ தெரியாமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் என்று நான் முடிவு செய்துகொண்டேன். என் ஜாமெட்ரி பாக்சில் இருக்க வேண்டிய அழிப்பான் பக்கத்துப் பெண்ணின் பாக்சுக்குப் போவதில்லையா? அம்மாவிடம் கேட்டபோது, "ஆமா, அப்பிடித்தான்" என்றாள்.

உண்மையில் நடந்ததை நான் கல்லூரி முடித்த பிறகுதான் அம்மா சொன்னாள். கிளம்புகிற அன்று மாமா தானே அந்தக் கழுத்தைக் கழற்றித் துணியில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டாராம். "இது இல்லாம அது ஊமை. அது இல்லாம இது வெறும் கொழா. ரெண்டையும் ஒண்ணா சேக்கறதுக்காவது நான் வரணும், இல்ல நீ வரணும். அதுவரைக்கும் யாரும் இத வாசிக்கக் கூடாது" என்றாராம். அத்தை அந்த வாரம் அதைச் சிரித்துச் சிரித்து அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். "கேக்கும்போது எனக்குப் பொறாமையாக்கூட இருந்துச்சுடி" என்றாள் அம்மா. "ஒங்கப்பா வெளியூர் போனா சோப்பு டப்பாவ மறந்து வெச்சிட்டுப் போவாரு. அவ்வளவுதான் எனக்கு."

அத்தை பிரான்சுக்குப் போகவில்லை. பின்னாளில் லாஸ்பேட்டையிலேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டு போனாள். சாக்ஸபோனைப் பேண்டு மாஸ்டரிடம் கொடுத்துவிட்டாள். அவர் அதைக் கல்யாணத்துக்கு மட்டும்தான் எடுத்துப் போவதாகச் சொல்லியனுப்பினார். ஸ்கூட்டியில் போகும்போது எங்கேயாவது கல்யாண ஊர்வலம் குறுக்கிட்டால் அத்தை வண்டியை ஓரம் கட்டுவாள். ஊர்வலம் போன பிறகும் கொஞ்சநேரம் கிளம்பமாட்டாள். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள்.

இதெல்லாம் பிறகு. அந்த போனுக்குப் பின் இரண்டு மூன்று மாதம் இருக்கும், மாமாவிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. முன்பெல்லாம் அவர் அனுப்பும் பார்சலில் எனக்குச் சாக்லேட் இருக்கும். அதனால் பிரிக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். உள்ளே சாக்லேட் இல்லை. குமிழ்க் காகிதத்தில் பத்திரமாகச் சுற்றி, அந்தக் கழுத்துதான் இருந்தது. காகிதத்தை உதறிப் பார்த்தேன். வேறு ஒன்றுமில்லை.

ஓடிப்போய் சாக்ஸபோனை எடுத்து, ஹெல்மெட் தொங்கிய கழுத்தைக் கழற்றிவிட்டு, மாமா அனுப்பியதைச் செருகினேன். வளையமும் வேண்டியிருக்கவில்லை, ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது.

"எவ்ளோ ஈசியா போவுது பாரு அத்தை! இத முன்னாடியே அனுப்பியிருந்தா நாம இவ்ளோ அலைஞ்சிருக்கவே வேணாம்ல?"

அத்தை பார்சல் அட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடியும் மடித்தாள்.

"ஆமாண்டி. வேணாந்தான்."

மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மாடியில் காயும் துணியை எடுக்கப் போனாள். வெளியே நல்ல வெயில்.

நான் அம்மாவிடம் போனைக் கேட்டேன். மாமாவுக்குப் பிரெஞ்சில் நன்றி, மெர்சி, சொல்ல வேண்டும் என்றேன். அம்மா தரமாட்டேன் என்றாள். அப்பாவிடம் போனேன். அவர் என் தலையில் கையை வைத்தாரே தவிர போனைத் தரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மனுஷர் அவ்வளவு தூரத்திலிருந்து, இவ்வளவு கவனமாகச் சுற்றி அனுப்பியிருக்கிறார். ஒரு மெர்சிகூடச் சொல்லாமல் இருக்கிறார்களே, எங்கள் வீட்டில் யாருக்கும் மரியாதையே தெரியவில்லையே என்று அன்று முழுக்க எல்லார்மேலும் கோபமாக இருந்தேன்.